ஓர் இசைத்தட்டின் விலை



ஒரு பொருளின் விலை எங்ஙனம் அமைகிறது என்பது பொருளியலின் பழைய வினா. நெல்லுக்கும் துணிக்கும் விடை கூறுதல் எளிது. ஆனால், உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க சில படிகளே எஞ்சியுள்ள பொருளுக்கு விலை வகுப்பது எவ்வாறு? வரலாறு கற்பித்தே தலைநரைத்த நான், ஓர் இசைத்தட்டின் கதையைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1959-ஆம் ஆண்டு பெரி கோர்டி என்பார் தொடங்கிய மோடவுன் நிறுவனம், கறுப்பின மக்களின் 'சோல்' இசையை உலகெங்கும் பரப்பியது. அந்நாளில் சிறு நிறுவனங்கள் பலவும் இத்தகைய தட்டுகளை வெளியிட்டன. புகழ் பெற்றவை சில. விலைபோகாமல் கிடங்குகளில் தூசி படிந்து கிடந்தவை பல.

அங்ஙனம் மறக்கப்பட்ட தட்டுகளுக்குக் கடல் கடந்து புது வாழ்வு கிடைத்தது. வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் வாழ்ந்த இளைஞர்கள் அவற்றை விரும்பித் தேடினர். 1973 முதல் 1981 வரை விகன் நகரின் காசினோ அரங்கில் விடிய விடிய அவ்விசைக்கு ஆடினர். அங்கே தட்டு இசைப்போர், பிறர் அறியாவண்ணம் பாடகர் பெயரை மறைத்து, வேறு பெயர் சூட்டுவதும் உண்டு. பிராங்க் வில்சன் 1965-இல் பாடிய 'டூ ஐ லவ் யூ' என்னும் பாடல் அங்கு எடி பாஸ்டர் என்னும் பெயரில் ஒலித்தது. எந்தத் தட்டு அரிது என்னும் அறிவே அன்று வணிகரின் பெருஞ்செல்வம்.

அச்செல்வத்தைப் பொதுவுடைமையாக்கியது இணையவழி ஏலம். 1995-இல் தோன்றிய ஈபே முதலிய தளங்களில், ஓசாகாவில் இருப்பவரும் லண்டனில் இருப்பவரும் ஒரே தட்டுக்குப் போட்டியிடலாம். தம் உச்ச வரம்பை ஒருவர் முன்னரே பதிந்துவிட்டால், அடுத்தவர் கேட்கும் தொகையைவிடச் சிறிதளவே கூட்டி அத்தளம் அவர் சார்பில் ஏலம் கேட்கும். ஆகவே, இறுதி விலையை முடிவு செய்பவர் வென்றவர் அல்லர். அவருக்கு அடுத்தபடி நின்று தோற்றவரே! ஆர்வமுள்ள செல்வர் ஒருவர் மட்டும் இருப்பின் விலை தாழும். இருவர் இருப்பின் வானை முட்டும்.

இதனால் விளைந்தவை இரண்டு. சிற்றூர்க் கடைகளிலும் பரண்களிலும் கிடந்த தட்டுகள் வெளிவரவே, அரியவை எனக் கருதப்பட்ட பல, அத்துணை அரியவை அல்ல என்பது புலனாயிற்று. அவற்றின் விலை இறங்கிற்று. மெய்யாகவே அரியவற்றின் விலையோ, உலகெங்கும் உள்ள ஆர்வலர் ஒருங்கே கூடியதால் ஏறிற்று. பழைய ஏல விலைகள் யாவும் பதிவாகி நிற்பதால், வாங்குவோரும் விற்போரும் ஒரே கணக்கேட்டைப் பார்க்கின்றனர்.

மேற்கூறிய பிராங்க் வில்சன் தட்டின் மூலப்படி ஒன்று 2009-ஆம் ஆண்டு ஏலத்தில் 25,000 பவுனுக்கு மேல் விலைபோயிற்று. அதே பாடல் 1979-இல் இங்கிலாந்தில் மறுபதிப்பாக வெளிவந்ததே! ஆகவே அப்பெருந்தொகை பாட்டுக்கு அன்று. தட்டின் அருமைக்கே எனத் தெளிக.

இங்கு நாம் சிந்திக்க வேண்டிய நீதி ஒன்றுண்டு. பிரிட்டனில் 2006 முதல், ஓர் ஓவியம் வணிகர் வழியே மறுவிற்பனையாகும்போது, குறித்த தொகைக்கு மேற்பட்டதாயின், ஓவியருக்கு ஒரு பங்கு உண்டு. பழைய தட்டு கைமாறும்போது பாடகருக்கோ அத்தகைய பங்கு இல்லை. சேர்த்து வைத்தவர் பயன் பெறுகிறார், பாடியவர் பெறுவதில்லை. ஏலம் விலையைத் திறம்படக் கண்டறியும். உரியவருக்கு உரியதைச் சேர்ப்பது அதன் வேலையன்று. அது சட்டம் இயற்றுவோரின் வேலை. நாளை அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் நீங்கள், விலை வேறு, மதிப்பு வேறு என்பதை இன்றே உணர்ந்து கொள்வீர்களாக.