அப்ளிகேட்டருக்குள் ஊசி

சர்க்கரை நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையை டாக்டர் எம். விஸ்வநாதன் 1954இல் ராயபுரத்தில் தொடங்கினார். அந்தக் காலத்தில் சர்க்கரையைச் சிறுநீரில்தான் பார்ப்பார்கள். பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கினால் நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், முற்றினால் செங்கல் நிறம். வலி கிடையாது. ஆனால் அது காட்டுவது சில மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம்.

ரத்தத்திலேயே பார்க்கும் பட்டைகள் 1960களில் வந்தன. கூடவே ஊசியும் வந்தது. தன் விரலைத் தானே குத்திக்கொள்ள லேசில் யாருக்கும் மனசு வராது. அதற்குத்தான் ஸ்பிரிங் வைத்த பேனா. யோசனை பழசு: 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ரத்தம் வடிக்க ஒரு பித்தளைப் பெட்டி இருந்தது. விசையைத் தட்டினால் கத்திகள் பாய்ந்து கீறிவிட்டு உள்ளே போய்விடும்.

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாருக்குச் சிக்கல் வேறு. 2014இல் ஐரோப்பாவில் வெளிவந்த ஃப்ரீஸ்டைல் லிப்ரேவை எடுத்துக்கொள்வோம். தோலுக்குள் இருப்பது சுமார் 5 மில்லிமீட்டர் இழை. இரண்டு வாரம் கை அசைவுக்கு ஈடுகொடுக்க அது வளைய வேண்டும். வளைகிற ஒன்று தோலைத் துளைக்காது. ஆகவே கூரான ஊசி ஒன்று அதை உள்ளே கூட்டிப்போய் விட்டுவிட்டு, தான் மட்டும் திரும்ப வேண்டும். இதைச் செய்யும் கருவிதான் அப்ளிகேட்டர். டெக்ஸ்காம் ஜி5 வரை சிரிஞ்சு மாதிரி கையால் தள்ளி, இழுக்க வேண்டும். 2018இல் ஜி6 வந்தபோது ஒரு பொத்தான் போதும் என்றாகிவிட்டது.

என்ஜினியர் கண்ணுக்கு இது அழகான தீர்வு. கைநடுக்கம், பயம், பழக்கம் மூன்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். புளியந்தோப்பில் என் அத்தைக்கு ஒட்டிவிட்டபோது, "ஊசியே காணோமேடா?" என்றார்.

ஊசி எங்கும் போகவில்லை. தோலைத் துளைத்துவிட்டு அப்ளிகேட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. கருவி ஒரே தடவைக்குத்தான். மாதம் இரண்டு சேரும். வீட்டில் பயன்படுத்திய ஊசியைத் தனியாகப் பிரித்துத் தர வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள். சிரிஞ்சைப் பார்த்தால் நமக்கே தோன்றும், ஓரமாக வைப்போம். இது பார்க்க வெறும் பிளாஸ்டிக் மூடி. மற்ற குப்பையோடு போய்விடும்.

வடசென்னைக் குப்பை பல பத்தாண்டுகளாகப் போய்ச் சேரும் கொடுங்கையூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே பிளாஸ்டிக் பொறுக்கும் கைக்கும் அது வெறும் மூடிதான். ஒட்டிக்கொள்பவரின் பயத்தைப் போக்க மறைத்த ஊசி, எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர் கண்ணிலிருந்தும் மறைந்துவிட்டது. கெட்டியான ஒரு பழைய டப்பா, மேலே ‘ஊசி’ என்று எழுதிய ஒரு தாள். வீட்டில் இந்த இரண்டும் இருந்தால் போதும்.