ஸ்டீலா, ஹஸ்க்வர்னாவா?

எம்ஜிஆரா சிவாஜியா, ரஜினியா கமலான்னு சண்டை போட்டு வளர்ந்தவங்க நாம. மரம் அறுக்கற மெஷினுக்கும் ரசிகர் மன்றம் உண்டுன்னு சொன்னா சிரிப்பீங்க. நிஜமாவே உண்டு. செயின் சா உலகத்தில் பெரிய கட்சி ரெண்டு. ஒண்ணு ஜெர்மனியின் ஸ்டீல் (இரும்பு இல்லீங்க, ஆள் பேரு). இன்னொண்ணு ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா.

என் ஆபீசிலேயே ரெண்டு கட்சியும் இருக்கு. குடகில் காபி எஸ்டேட் வெச்சிருக்கற வீட்டுப் பிள்ளை ஸ்டீல் கட்சி. இமாச்சல் ஆப்பிள் தோட்டக்காரர் ஹஸ்க்வர்னா கட்சி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாதம் சூடேறும்போது நடுவில் தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருப்பவன் நான். பஞ்சாயத்து பண்ணலாமேன்னுதான் இந்தச் சரித்திரத்தைத் தேடிப் படிச்சேன்.

முதல் கேள்வி, யார் முன்னோடி? 1830 வாக்கில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்ற ஜெர்மானியர், சங்கிலியில் பல் வைத்துக் கையால் சுற்றும் கருவி ஒன்று செய்தார். அது மரத்துக்கு அல்ல, ஆபரேஷனில் எலும்பு அறுப்பதற்கு! 1926ல் ஸ்டுட்கார்ட்டில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் மின்சார செயின் சா செய்தார். அதைப் பிடிக்க ரெண்டு ஆள் வேணும். அடுத்த வருஷமே, 1927ல், எமில் லெர்ப் என்பவர் பெட்ரோலில் ஓடும் ரம்பத்தை டோல்மார் என்ற மலையில் சோதித்துப் பார்த்தார். அந்த மலையின் பெயரே அவர் கம்பெனிக்கும் பெயரானது. ஆக, மின்சாரமா பெட்ரோலா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் 'முதல்' யார் என்று சொல்ல முடியும்.

ஹஸ்க்வர்னா 1689ல் துப்பாக்கித் தொழிற்சாலையாக ஆரம்பித்தது. பிறகு தையல் மெஷின், சைக்கிள், மோட்டார் சைக்கிள் என்று போய், முதல் செயின் சா செய்தது 1959ல்தான். "அப்போ நாங்க 33 வருஷம் சீனியர்" என்று குடகுக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "கம்பெனி வயசில் நாங்க உங்க கொள்ளுத்தாத்தா" என்றார் இமாச்சல்காரர். ஸ்டீல் தன் பேர்பெற்ற 'கான்ட்ரா'வைக் கொண்டுவந்ததும் அதே 1959தான். கியர் கிடையாது, 12 கிலோ எடை, 6 குதிரைத்திறன், ஒரே ஆள் போதும். ரெண்டு பேருக்கும் திருப்புமுனை ஒரே வருஷம்!

இதைவிட வேடிக்கை சங்கிலியின் கதை. பழைய சங்கிலிகளில் பற்கள் கை ரம்பத்தின் பற்கள் மாதிரி இருக்கும், சீக்கிரம் மழுங்கிவிடும். 1946ல் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டுப்புழு ஒன்றைக் கவனித்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் சீவின. அதைப் பார்த்து ஒரு சங்கிலி செய்து 1947ல் விற்க ஆரம்பித்தார். இன்றைய ரெண்டு பிராண்டு சங்கிலியிலும் இருப்பது அந்தச் சீவுகிற பல்தான். ரெண்டு கட்சிக்கும் தலைவர் ஒரு புழு :-)

ஆனால் இந்தப் போட்டியில் பந்தயம் கட்டப்பட்டது தொழிலாளிகளின் கை. அதிர்வில் ரத்த ஓட்டம் கெட்டு, குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் காடுகளில் பரவியது. அதிர்வைத் தாங்கும் ஏற்பாட்டோடு ஹஸ்க்வர்னா 1969ல் ஒரு மாடலை இறக்கியது. ஸ்டீலும் இதே வேலையில் இறங்கியிருந்தது. விளைவு? பின்லாந்தின் சுவோமுசால்மி காட்டுத் தொழிலாளர்களில் 1972ல் 40 சதவீதம் பேருக்கு இருந்த அந்த நோய், 1990ல் 5 சதவீதமாகக் குறைந்தது. ரம்பத்தின் நுனி மரத்தில் பட்டு முகத்தை நோக்கித் துள்ளும்போது சங்கிலியைச் சட்டென நிறுத்தும் பிரேக்கும் 1970களில் பரவலானது. ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்ததில் பிழைத்தவை எத்தனை விரல்கள்!

கடைசியில் நான் சொன்ன தீர்ப்பு இதுதான். ஒப்பிட்டால் ஒரே சிசி, ஒரே நீள பிளேடு, ரெண்டிலும் புதிதாகத் தீட்டிய சங்கிலி. மழுங்கிய சங்கிலியோடு ஒன்றும் கூரான சங்கிலியோடு ஒன்றும் வைத்துப் பேசினால் அது வாதமே இல்லை. வாங்குவதாக இருந்தால் பக்கத்து ஊரில் ஸ்பேரும் மெக்கானிக்கும் கிடைக்கிற பிராண்டு. இவருக்கு மடிக்கேரியில் ஒன்று சரி, அவருக்குச் சிம்லா பக்கம் இன்னொன்று சரி. ரெண்டு பேரும் தலையாட்டினார்கள்.

இன்னொன்றுக்கும் ரெண்டு பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். மழைக்காலத்தில் நம் ஊர்களில் ஹெல்மெட், கையுறை எதுவும் இல்லாமல், ஹவாய் செருப்போடு கிளை மேல் நின்று செயின் சா பிடிக்கிறாரே ஒருவர், அவருக்கு எந்த பிராண்டு நல்லது என்பது அடுத்த கேள்வி. முதலில் அவர் காலுக்கு ஒரு நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுக்கணும்.