55 வயதில் வந்த பணம் எங்கே போனது?

சேமநிதிப் பணம் 55 வயதில் கைக்கு வருகிறது. இரண்டு மூன்று வருடங்களில் அது கரைந்தும் விடுகிறது. எப்படிக் கரைந்தது என்று வீட்டாருக்கே சரியாகத் தெரிவதில்லை. குடும்ப வரவு செலவைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் முதலில் வந்து நிற்கும் கேள்வி இதுதான். "நம்மவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது" என்று ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடுவார்கள். சுலபமான பதில்தான். ஆனால் தோட்டப்புறத்தின் நூறு வருடக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

காஜாங்கையே எடுத்துக்கொள்வோம். இன்று சாத்தேவுக்கும் எம்ஆர்டி ரயிலின் கடைசி நிலையத்திற்கும் பெயர் போன ஊர். 1890களில் கின்டர்ஸ்லி சகோதரர்கள் இங்கே இஞ்ச் கென்னத் தோட்டத்தைத் திறந்தபோது முதலில் போட்டது காப்பி. காப்பியின் விலை விழ, ரப்பர் வந்தது. மலாயாவில் வணிக நோக்கத்தோடு ரப்பர் பயிரிட்ட ஆரம்பகாலத் தோட்டங்களில் இதுவும் ஒன்று. ஸ்காட்லாந்தில் பதிவு செய்யப்பட்ட கம்பெனி காஜாங்கின் பெயரைத் தாங்கிக் கோலாலம்பூர் பங்குச் சந்தை வரை போனது. பால்மரம் வெட்டியவர்களோ கங்காணியின் பின்னால் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறையும், செக்ரோலில் ஒரு பெயரும், நாட்கூலியும்.

அந்தக் காலத்தில் வயதானால் என்ன ஏற்பாடு? சுருக்கமாகச் சொன்னால், ஒரு கப்பல் டிக்கெட். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை அரசாங்கம் ஏற்படுத்தியது. வேலைக்கு வைத்திருக்கும் இந்தியத் தொழிலாளர்களின் கணக்குக்கு ஏற்ப முதலாளிகள் அதில் பணம் கட்ட வேண்டும். ஆட்களை அழைத்து வரும் கப்பல் செலவுக்கு அந்தப் பணம் பயன்பட்டது. நோயாளிகளையும் வயதானவர்களையும் திருப்பி அனுப்பவும் அதே பணம்தான். 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை தரைக்கு இறங்கியபோது, வேலையில்லாத பல்லாயிரம் பேர் இப்படித்தான் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். உழைப்பவன் இங்கே, முதுமை அங்கே என்பது தோட்டத் துரைகளின் கணக்கு. அந்தக் கணக்கில் ஓய்வுகாலச் சேமிப்புக்கு இடமே இல்லை.

அப்படியிருந்தும் நம்மவர்கள் சேமித்தார்கள். வங்கி பட்டணத்தில் இருந்தது. பாரத்தில் இருந்த எழுத்து தெரியாத எழுத்து. ஆகவே சேமிப்பு பெண்களின் காதிலும் கழுத்திலும் தங்கமாக ஏறியது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அது அடகுக்கடைக்குப் போகும், தீபாவளி போனஸ் வந்தால் திரும்பி வரும். மிச்சம் சேர்ந்தது கூட்டில்.

கூட்டு என்றால் இன்றைய இளையவர்களுக்கும் தெரியும். இருபது பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 10 வெள்ளி போட்டால் 200 வெள்ளி. அவசரம் உள்ளவர் தள்ளிக் கேட்டு முதலில் எடுப்பார். பொறுத்திருப்பவருக்கு அந்தத் தள்ளுபடியே லாபம். கூட்டு பிடிப்பவர் பெரும்பாலும் லயத்தில் நம்பிக்கையான ஒரு பெண்மணி. கணக்கு நோட்டுப் புத்தகத்தில், சாட்சி மாரியம்மன். ஒரு மாதம் ஒருவர் ஓடிப்போனால் இருபது குடும்பமும் தெருவில் நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1971இல் நாடாளுமன்றம் இந்தத் தொழிலைத் தடை செய்து சட்டம் கொண்டு வந்தபோது அதற்கு வைத்த பெயரே கூட்டு நிதித் தடைச் சட்டம். நம்முடைய தமிழ்ச் சொல் அப்படியே ஆங்கிலச் சட்டத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சட்டத்தின் விளக்கப் பகுதியில் சீட்டும் சீனர்களின் 'ஹுவே'யும் கூட இடம்பெற்றுள்ளன. சேமிக்கத் தெரியாத சமூகத்தின் சொல் ஒரு நாட்டின் சட்டத்துக்குத் தலைப்பாகுமா?

சேமித்ததை அடியோடு பறிகொடுத்த காலமும் உண்டு. ஜப்பான்காரன் காலத்து 10 டாலர் நோட்டில் வாழை மரம் அச்சிட்டிருந்தது. 1945இல் போர் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பியபோது அந்த நோட்டுகள் வெறும் காகிதமாகிவிட்டன. தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தவர்கள் அதைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தார்கள். நோட்டை நம்பாதே, பொன்னை நம்பு என்று பாட்டிமார்கள் பிடிவாதம் பிடித்ததற்கு இது ஒரு காரணம். அவர்கள் அறியாமையால் அப்படிச் சொல்லவில்லை. அனுபவம் சொல்ல வைத்தது.

இந்தப் பின்னணியில்தான் 1951 அக்டோபரில் ஊழியர் சேமநிதி வந்தது. மலாயாவில் அப்போது அவசரகாலம். நாடு சுதந்திரம் பெற இன்னும் ஆறு வருடம் இருந்தது. தொழிலாளியிடமிருந்து 5 சதவீதம், முதலாளியிடமிருந்து 5 சதவீதம். 55 வயதில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 1952ஆம் ஆண்டுக்கான லாப ஈவு 2.5 சதவீதம். இந்தியாவின் சேமநிதிச் சட்டம் 1952இல்தான் வந்தது. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி 1955, இலங்கையின் சேமநிதி 1958.

கொடுக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். மாதாமாதம் பென்ஷன் கொடுப்பதாக இருந்தால், மனிதன் எத்தனை வயது வரை இருப்பான் என்ற பாரம் அரசாங்கத்தின் தலையில் விழும். மொத்தமாகக் கொடுத்துவிட்டால் அந்தப் பாரம் வாங்குபவரின் தலைக்கு மாறிவிடும். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்குப் பென்ஷன் இருந்தது. பால்மரம் வெட்டியவருக்கு ஒரு காசோலை மட்டும்தான். பின்னாளில் இந்தியா 1995இல் சேமநிதியோடு ஒரு பென்ஷன் திட்டத்தைச் சேர்த்தது. சிங்கப்பூர் 2009இல் ஆயுள் முழுவதும் மாதாந்தரத் தொகை தரும் திட்டத்தைக் கொண்டு வந்தது. மலேசியாவில் மொத்தத் தொகை முறையே நிலைத்தது.

அந்தத் தொகை எவ்வளவு தேறும்? மாதச் சம்பளம் 80 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இரு தரப்பும் சேர்ந்து மாதம் 8 வெள்ளி, வருடத்திற்கு 96. இருபது வருடத்தில் கட்டியது 1,920 வெள்ளி. லாப ஈவும் சேர்ந்தால் இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரத்துக்குள் நிற்கும். வாழ்நாளில் ஒரே நேரத்தில் நூறு வெள்ளிக்கு மேல் தொட்டுப் பார்க்காத கைக்கு அது பெரிய பணம். இருபது வருட முதுமைக்கு அது மாதம் பன்னிரண்டு வெள்ளி.

ஆனால் அந்தப் பணம் முதுமைக்காக ஒதுங்கி நிற்கவே இல்லை. அதற்கு முன்னால் வேறொரு வேலை காத்திருந்தது: வீடு.

தோட்டத்தில் வேலை உள்ளவரைதான் லயத்து வீடு. 55இல் வேலை முடிந்தால், மகனோ மகளோ அதே தோட்டத்தில் பேர் பதிந்திருந்தாலொழிய, வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாடகை கட்டியே பழக்கமில்லாத குடும்பத்திற்கு ஓய்வு பெறும் நாளில்தான் முதன்முதலாக வீட்டுப் பிரச்சினை எழுகிறது. சேமநிதி முன்பணமாகப் போயிற்று. சிலருக்குக் கம்பத்தில் ஒரு துண்டு நிலமும் பலகை வீடும். அந்தப் பணத்தை வீணடித்த பணம் என்று எழுதுவது நியாயமில்லை. கூரையாக மாறிய பணம் அது. பணத்தை வீட்டில் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று காஜாங்கிலும் செமினியிலும் சொந்த முகவரியோடு இருக்கிறார்கள். போடாதவர்களின் பிள்ளைகள் பல இடங்களில் புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் போனார்கள்.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைத் தனியாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். துன் வீ.தி. சம்பந்தன் 1960 மே மாதம் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்கு எதிராகத்தான். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூட்டில் இருபது பேர் செய்ததை இங்கே பல்லாயிரம் பேர் செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நோட்டுப் புத்தகத்துக்குப் பதில் பதிவு பெற்ற சங்கம். அது இன்றும் நிற்கிறது.

1969இல் இன்னொரு இடி. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் வாங்க வேண்டும் என்று ஆனது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்களில் பல்லாயிரம் பேர் சேமநிதியை எடுத்துக்கொண்டு ரஜுலா கப்பலேறினார்கள். பிறந்த ஊரில் அவர்களை அடையாளம் காண ஆளில்லை. கொண்டுபோன பணத்தைக் கண்டுகொள்ள ஆளிருந்தது.

இங்கே இருந்தவர்களுக்குச் சேமநிதி மெல்ல மெல்லக் கனத்தது. 1975இல் தொழிலாளி 6, முதலாளி 7 சதவீதம். 1980 டிசம்பரில் 9, 11. 1996இல் 11, 12. 2012 முதல் 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குவோருக்கு முதலாளி பங்கு 13. லாப ஈவு 1983 முதல் 1987 வரை 8.5 சதவீதமாக இருந்தது, அதுவே உச்சம். 2002இல் 4.25க்கு இறங்கியது. சரிபாதி. பேங்கில் இருப்பவர்கள் சொல்லும் ஒரு கைக்கணக்கு உண்டு: 72ஐ லாப விகிதத்தால் வகுத்தால் பணம் எத்தனை வருடத்தில் இரட்டிக்கும் என்று தெரியும். 8.5இல் எட்டரை வருடம். 4.25இல் பதினேழு. 2024க்கு வாரியம் அறிவித்தது 6.3 சதவீதம், அதற்குப் பதினொன்றரை வருடம்.

லாபம் உயர்ந்த அதே 1980களில் மைக்கா வந்தது. 1982இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் ஏறக்குறைய 66,000 இந்தியர்கள் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர். பிறகு எழுந்த சர்ச்சைகள் ஊரறிந்தவை. 2010இல் ஒரு தனியார் நிறுவனம் பங்குக்கு 80 சென் கொடுத்து வாங்க முன்வந்தபோது, 28 வருடம் காத்திருந்த பலர் அதுவாவது வந்ததே என்று கையெழுத்துப் போட்டார்கள். அதே 28 வருடம் அதே ஒரு வெள்ளி சேமநிதியில் இருந்திருந்தால் நான்கு வெள்ளியைத் தாண்டியிருக்கும். சமூகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கப்படும் முதலீட்டை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை; போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகியபோது கதை திரும்பவும் நடந்தது. காஜாங்கை அடுத்த பிராங் புசார், செட்ஜ்லி, கெலவே, மெடிங்லி தோட்டங்கள் இருந்த இடத்தில்தான் 1990களில் புத்ராஜெயா எழுந்தது. அங்கே இருந்த குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போயின.

கொரோனா காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2020 முதல் 2022 வரை நான்கு சிறப்புத் திட்டங்களில் 81 லட்சம் சந்தாதாரர்கள் 14,500 கோடி ரிங்கிட்டை எடுத்தார்கள். அடுப்பெரிய எடுத்ததைக் குறை சொல்ல முடியாது. அதன் பின் 2024 மே 11 முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்தது: புதிதாகக் கட்டுவதில் 75 சதவீதம் ஓய்வுக்காலத்திற்கு, 15 வீடு, மருத்துவம், கல்வி போன்றவற்றுக்கு, 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்க. அந்தப் பத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்வது நல்லது.

55இல் எடுத்தே ஆக வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. பழைய தோட்டப் பழக்கம் இன்னும் மனதில் இருப்பதால்தான் அந்த வயதில் வரிசையில் நிற்கிறோம். குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை முதல் 60. பணத்தை உள்ளேயே விட்டு வைத்து, தேவையான அளவு மட்டும் மாதாமாதம் எடுக்கலாம். மிச்சத்திற்கு 100 வயது வரை லாப ஈவு உண்டு. வாரியம் முன்பு அடிப்படைச் சேமிப்பாகச் சொன்ன 240,000 ரிங்கிட், மாதம் 1,000 வீதம் இருபது வருடம் என்ற கணக்கு. 2026 தொடங்கி அது படிப்படியாக 390,000க்கு உயர்கிறது. மாதம் ஆயிரத்தில் இன்றைக்குக் காஜாங்கில் ஒரு குடும்பம் ஓடுமா என்று இல்லத்தரசிகளைக் கேட்டால் தெரியும்.

அவர்கள் கேட்கும் கேள்வி வேறு: சம்பளமே இல்லாத எங்களுக்கு என்ன? பலகாரம் சுட்டு விற்பவர், வீட்டில் தையல் தைப்பவர், பிள்ளை பார்த்துக்கொள்பவர், டாக்சி ஓட்டும் கணவர் எல்லாரும் இந்த வரிசையில்தான். கூட்டில் போட்டுப் பழகிய கைகள் இவை. 60 வயதுக்குட்பட்ட இவர்களுக்கு ஐ-சாரான் என்ற திட்டம் இருக்கிறது. சொந்தமாகக் கட்டும் தொகைக்கு அரசாங்கம் 2025 முதல் 20 சதவீதம் சேர்க்கிறது, வருடத்திற்கு 500 ரிங்கிட் வரை. முழு 500ஐயும் வாங்க வருடத்தில் 2,500 கட்ட வேண்டும்; மாதத்திற்கு 209 ரிங்கிட் போதும். லாப ஈவு தனி. அடையாள அட்டையோடு எந்த இபிஎஃப் அலுவலகத்திலும் பதிந்துகொள்ளலாம். போகும்போது கணவரின் கணக்கில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு வரவும். கல்யாணத்துக்கு முன் எழுதிய அம்மாவின் பெயரே பல கணக்குகளில் இன்னும் அப்படியே கிடக்கிறது.