வாரம் (நிலக் குத்தகை)

வாரம் என்பது, பிறருடைய நிலத்தைப் பயிரிடுபவர் அதற்கு ஈடாக விளைச்சலில் ஒரு பங்கை நில உடைமையாளருக்கு அளிக்கும் முறையாகும். அவ்வாறு அளிக்கப்படும் பங்கும் வாரம் எனப்படும். இம்முறையில் விடப்பட்ட நிலம் வார நிலம். அதைப் பயிரிடுபவர் வாரக்குடி அல்லது வாரதாரர்.

சொல்லும் பொருளும்

வாரம் என்னும் சொல்லுக்குப் பங்கு என்பது பொருள். கன்னடத்தில் வார, தெலுங்கில் வாரமு, மலையாளத்தில் வாரம் என இச்சொல் இதே பொருளில் வழங்குகிறது. எனவே இது திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொல்லாகக் கருதப்படுகிறது. ஏழு நாட்களைக் குறிக்கும் வாரம் வடமொழிச் சொல். ஒலியால் ஒத்திருப்பினும் இரண்டும் வேறு. ஆடுமாடுகளை வளர்க்கக் கொடுத்து, ஈனும் குட்டிகளைப் பங்கிட்டுக் கொள்வதும் சிற்றூர்களில் "வாரத்துக்கு விடுதல்" என்றே சொல்லப்படுகிறது.

மேல்வாரமும் குடிவாரமும்

விளைச்சலில் அரசுக்கோ, அரசிடமிருந்து உரிமை பெற்ற கோயில், ஜமீன்தார், இனாம்தார் ஆகியோருக்கோ சேரும் பங்கு மேல்வாரம். பயிரிடும் குடிக்குரிய பங்கு குடிவாரம். இதற்குக் கீழ்வாரம் என்றும் பெயர். நாளடைவில் இச்சொற்கள் நெல்லின் பங்கை மட்டுமன்றி, நிலத்தின் மீதுள்ள உரிமையையும் குறித்தன. மேல்வாரம் மட்டும் உடையவர் வரி பெறலாம். குடிவாரம் உடையவரே நிலத்தில் நிலைத்திருக்கலாம். ஆகவே, "குடிவாரம் யாருடையது?" என்பது ஒரு குடும்பத்தின் வாழ்வையே முடிவு செய்யும் கேள்வியாயிற்று. 1908 ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் பகுதிக் குடிகளின் நிலைத்த உரிமையை ஏற்றது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் முறையை ஒழித்தது.

வாரமும் குத்தகையும்

குத்தகையில் தரவேண்டிய நெல்லோ பணமோ முன்பே உறுதி செய்யப்படும். மழை பொய்த்தாலும் அதைச் செலுத்த வேண்டும். வாரத்தில் களத்தில் நெல் அளந்த பிறகே பங்கு பிரிக்கப்படும். விளைச்சல் குறைந்தால் இருவர் பங்கும் குறையும். ஆனால் உழைப்பு முழுவதும் வாரக்குடியுடையது. வித்து, எருச் செலவை யார் ஏற்பது என்பது ஊர் வழக்கத்தைப் பொறுத்தது.

சட்டப் பாதுகாப்பு

வாரம் பெரும்பாலும் வாய்ச்சொல்லால் விடப்பட்டது. எழுத்துச் சான்று இல்லாமையால், பல ஆண்டுகள் உழுதவரும் எளிதில் வெளியேற்றப்பட்டனர். 1955 ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தாமோ தம் குடும்பத்தாரோ உடலுழைப்பைச் செலுத்திப் பயிரிடுபவருக்குப் பாதுகாப்பளித்தது. 1956 ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம் நன்செய்யில் உடைமையாளரின் பங்கை 40 விழுக்காடாக வரையறுத்தது. பின்னர் அது 25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் எழுத 1969 இல் தனிச் சட்டம் வந்தது. அதன் பிறகு, களத்து மேட்டில் வாய்ச்சொல்லாக இருந்த வாரம், பதிவேட்டில் பெயராக இடம்பெற வழி பிறந்தது.