சயாம் மரண ரயில்: எழுதப்படாத ஒரு பெயர்ப்பட்டியலைத் தேடி

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய ராணுவம் 1942-43இல் போட்ட 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையில் ஏறத்தாழ 12,500 போர்க்கைதிகள் இறந்தார்கள். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், அமெரிக்கர் என்று பல நாட்டவர். அவர்களில் பெரும்பாலோரின் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, அடக்கம் செய்த இடம் எல்லாம் இன்று நம் விரல் நுனியில் கிடைக்கின்றன. அதே பாதையில், அதே காலராவுக்கும் பட்டினிக்கும் பலியான ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1 லட்சம் வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரோடு மலாயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்களும் அதில் அடக்கம். மலாயாவிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்களே.

இவர்களின் பெயர்கள் எங்கே? இருந்து அழிந்தனவா, எழுதப்படவே இல்லையா? இந்தக் கேள்வியோடுதான் காப்பகங்களுக்குள் நுழைந்தேன்.

தேடலை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினேன். பெயர் கிடைத்தவர்களுக்கு அது எப்படிக் கிடைத்தது என்று தெரிந்தால், கிடைக்காதவர்களுக்கு எந்த இடத்தில் வழி அடைபட்டது என்பதும் தெரிந்துவிடும் அல்லவா?

தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 5,084 காமன்வெல்த் வீரர்களும் 1,896 டச்சுக்காரர்களும் நினைவுகூரப்படுகிறார்கள். பாதையின் மறுமுனையில், பர்மாவின் தான்பியூசயாட்டில் 3,700 பேருக்கு மேல். காஞ்சனபுரிக்கு அருகே சுங்காயில் இன்னும் ஆயிரத்து எழுநூறுக்கு மேல். இவர்கள் முதலில் காட்டுக்குள் ஆங்காங்கே முகாம் ஓரங்களில் புதைக்கப்பட்டவர்கள். போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பரில், முன்னாள் கைதிகள் அடங்கிய ஒரு சிறு குழு அதே ரயில் பாதையில் திரும்பிப் போனது. ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக அவர்களோடு சென்றவர் நாகாசே தகாஷி. 144 இடுகாடுகளில் 10,000க்கு மேற்பட்ட கல்லறைகளை அந்தக் குழு சில வாரங்களுக்குள் அடையாளம் கண்டது.

மழையும் மூங்கில் புதரும் மூடிய காட்டில் இது எப்படி முடிந்தது? கைதிகளே கணக்கு வைத்திருந்தார்கள். யார், எப்போது, எங்கே புதைக்கப்பட்டார் என்று கிடைத்த காகிதத்தில் குறித்து, காவலர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தார்கள். சில குறிப்புகள் இறந்தவர்களோடு சேர்த்தே புதைக்கப்பட்டு, பிறகு தோண்டி எடுக்கப்பட்டன.

இன்னொரு கணக்கும் இருந்தது. அதை வைத்திருந்தது ஜப்பானிய அரசு. லண்டன் க்யூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், போர்த்துறைக் கோப்புகளின் 345ஆம் வரிசையில், நேசநாட்டுக் கைதிகளின் அட்டைகள் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. கையகல அட்டை. அச்சிட்ட கட்டங்கள் ஜப்பானிய மொழியில். முகாம், பெயர், நாடு, படைப்பதவி, பிறந்த தேதி, பிடிபட்ட இடம், பிடிபட்ட நாள், தகப்பன் பெயர், தாய் பெயர், சொந்த ஊர், போருக்கு முன் செய்த தொழில், செய்தி அனுப்ப வேண்டிய முகவரி. இறந்தவர்களின் அட்டையில் மூலைக்கு மூலை சிவப்பு மையில் கோடு இழுத்திருக்கிறார்கள். மனிதனை அடித்தும் பட்டினி போட்டும் கொன்ற அதே அமைப்பு, அவன் தாயின் பெயரைக் கட்டத்துக்குள் எழுதி வைத்திருக்கிறது.

காரணம் சட்டம். போர்க்கைதிகள் பற்றிய 1929 ஜெனிவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்திட்டது. அதை முறைப்படி ஏற்கவில்லை என்றாலும், போரில் இறங்கியதும் டோக்கியோவில் கைதிகள் தகவல் அலுவலகம் ஒன்றைத் திறந்தது. கைதி என்றால் அட்டை உண்டு. தொழிலாளிக்கு அப்படி ஒரு சட்டமோ அலுவலகமோ கிடையாது. முதல் அடைப்பு இங்கேதான்.

அப்படியானால் தொழிலாளர் முகாம்களில் எதையாவது எழுதியவர் உண்டா? உண்டு. 1943 மே மாதம் பருவமழையோடு காலரா இறங்கியது. தொழிலாளர் முகாம்களில் கும்பல் கும்பலாக ஆட்கள் செத்தார்கள். வேலை நின்றுவிடும் என்ற நிலையில், சிங்கப்பூரில் கைதிகளாக இருந்த மருத்துவர்களையும் மருத்துவ ஊழியர்களையும் 'கே' படை, 'எல்' படை என்ற பெயர்களில் ஜப்பானியர் அங்கே அனுப்பினார்கள். ஜூனில் ஒரு குழு, ஆகஸ்டில் இன்னொன்று. இவர்கள் போருக்குப் பின் எழுதிய அறிக்கைகளும், போர்க்குற்ற விசாரணைக்குக் கொடுத்த வாக்குமூலங்களும் க்யூவில் இருக்கின்றன.

அவற்றைப் படிப்பது எளிதல்ல. மருந்து இல்லை, கூரை இல்லை, வார்த்தை புரியவில்லை. தமிழ்க் குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்திருந்தன. ராணுவத்தில் இருப்பதுபோல் ஒரு தலைமையோ, பேர் கூப்பிட்டு ஆள் எண்ணும் ஒழுங்கோ அந்த முகாம்களில் இல்லை. கைதிகளின் முகாமில் ஒருவன் செத்தால் அதை எழுதுவதற்கென்று ஒரு அதிகாரி இருந்தான். கூலிகளின் முகாமில் எழுதப் படித்தவரும் அதே பாயில் வயிற்றுப்போக்கோடு கிடந்தார். மருத்துவர்கள் எண்ணிக்கை எழுதினார்கள். பெயர் எழுத அவர்களுக்கு நேரமும் இல்லை, மொழியும் இல்லை.

அந்த எண்ணிக்கைகள் போருக்குப் பின் ஒரே கணக்காகத் திரட்டப்பட்டன. மலாயாவிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 78,000. இறந்தவர்கள் ஏறத்தாழ 30,000. ஓடிப்போனவர்கள் ஏறத்தாழ 25,000. இந்த மூன்றாவது எண்ணில்தான் நான் நெடுநேரம் நின்றேன். காலரா பரவிய காட்டில், மழைக்காலத்தில், ஊரும் மொழியும் தெரியாத நாட்டில் ஓடிப்போனவர் எங்கே போயிருக்க முடியும்? சிலர் தாய்லாந்துக் கிராமங்களில் தஞ்சம் புகுந்தார்கள், சிலர் ஊர் திரும்பினார்கள். பலர் புதருக்குள்ளேயே விழுந்தார்கள். ஓடிப்போனோர் என்ற பத்திக்குள் சாவுகளும் மறைந்திருக்கின்றன. மலாயா இறப்பு 40,000ஐத் தொடும் என்று பிற்காலத்தில் மதிப்பிட்டவர்கள் இதையும் கருத்தில் கொண்டார்கள்.

மக்கள்தொகைக் கணக்கும் சாட்சி சொல்கிறது. சிங்கப்பூரையும் சேர்த்து மலாயாவில் 1931இல் இருந்த இந்தியர் 6 லட்சத்து 21 ஆயிரம். 1947இல் 5 லட்சத்து 99 ஆயிரம். முப்பதுகளின் ரப்பர் விலைச் சரிவில் கப்பலேறி ஊர் திரும்பியவர்களும் இந்தக் குறைவில் உண்டு என்பதால் எல்லாவற்றையும் ரயில் பாதையின் தலையில் ஏற்ற முடியாது. ஆனாலும் பதினாறு ஆண்டுகளில் ஒரு சமூகம் பெருகாமல் குறைந்திருக்கிறது.

காட்டில் பெயர் எழுதப்படவில்லை. சரி, புறப்பட்ட இடத்தில்?

இங்கேதான் தேடல் திசை மாறியது. தோட்டத் தொழிலாளி கணக்கில் இல்லாத மனிதன் அல்ல. நாள்தோறும் விடியற்காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு நடக்கும். கணக்கரான கிராணி பேர் கூப்பிடுவார். வந்தவருக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறி விழும். மாதக் கடைசியில் பெயருக்கு நேரே வேலை செய்த நாட்கள், கூலி, பிடித்தம் எல்லாம் எழுதப்படும். அரை நாள் வேலைகூடத் தப்பாத கணக்கு அது. 1942-43இல் ஜப்பானிய நிர்வாகம் தோட்டங்களிடம்தான் ஆள் கேட்டது. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை என்று ஆசை காட்டியது. ஆள் தேறாதபோது இலவசப் படம் என்று கொட்டகைக்குள் வரவழைத்துக் கதவைச் சாத்தி ரயிலேற்றியதாகவும் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எப்படிப் போயிருந்தாலும், போன மாதத்தில் செக்ரோலில் அந்தப் பெயருக்கு நேரே குறி நின்றுபோயிருக்கும். போருக்குப் பின் துரைமார் தோட்டங்களுக்குத் திரும்பியபோது, யார் இல்லை என்று சொல்லக்கூடிய காகிதமும் கிராணிமாரும் கங்காணிமாரும் மலாயாவிலேயே இருந்தார்கள்.

ஆகவே 1946இல் பட்டியல் எடுக்க முடிந்திருக்கும். இதுவே என் தேடலின் முதன்மையான முடிவு. அந்த ஆண்டு நேரு மலாயா வந்தார். காங்கிரஸ் மருத்துவக் குழு வந்து, மீண்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தது. இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் மட்டும் எவராலும் வெளியிடப்படவில்லை. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கம்பெனிகள் கைமாறின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன. கணக்கேடுகளில் பெரும்பகுதியும் அவற்றோடு போயிற்று.

பட்டியல் எடுக்காததற்கு விதிமுறை ஒரு சாக்கு. காமன்வெல்த் வீரர்களின் கல்லறைகளைப் பராமரிக்கும் போர்க் கல்லறை ஆணையத்தின் சாசனம் படையினருக்கானது. ஆனால் சாதாரணக் குடிமக்களுக்கும் அதே ஆணையம் ஒரு பட்டியல் தொகுத்தது. 66,000க்கு மேற்பட்ட பெயர்களோடு அது வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் சிறை முகாம்களில் இறந்த வெள்ளைக்காரக் குடிமக்கள் அதில் உண்டு. சென்னை மாகாணத்துக் கிராமங்களிலிருந்து போன தொழிலாளர்களும் அன்று அதே மன்னரின் குடிமக்களே. ரயில் பாதையில் மடிந்த அந்தப் பெருந்திரள் அதில் இல்லை. 1951 சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16ஆம் பிரிவும் நடுநிலை நாடுகளிலிருந்த ஜப்பானியச் சொத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக முன்னாள் போர்க்கைதிகளுக்குப் பகிர்ந்தது. தொழிலாளர் அங்கும் விடுபட்டார்கள். பட்டியல் இருந்தவர்களுக்கே கல்லும் காசும் கிடைத்தன.

ஒரே பாதையின் சாவுகளை நாடுகள் எப்படி நினைக்கின்றன என்று வரிசையாக வைத்துப் பார்த்தேன். அமெரிக்கா தன் வீரர்களின் எச்சங்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுபோனது. ஆஸ்திரேலியா தன் கைதிகள் பாறை உடைத்த ஹெல்ஃபயர் கணவாயில் 1998இல் அருங்காட்சியகம் திறந்தது. ஏப்ரல் 25 விடியலில் அங்கே அஞ்சலி நடக்கிறது. ஜப்பான் தன் படையில் மாண்ட 24 லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பெயர் பெயராக யாசுகுனி ஆலயத்தில் வைத்து வணங்குகிறது. அந்த ஆலய வளாகத்து அருங்காட்சியகத்தின் முகப்பில், மரண ரயில் பாதையின் திறப்பு நாளில் ஓடிய சி56-31 எண் ரயில் எஞ்சின் துடைத்துப் பளபளப்பாக நிற்கிறது.

அதே ஜப்பானிய ராணுவம் 1944இல், போர் முடியும் முன்பே, காஞ்சனபுரியில் பாலத்தருகே இறந்தோருக்கு ஒரு தூண் எழுப்பியது. அதில் பல மொழிகளில் வாசகங்கள் பதித்தார்கள். தமிழும் அவற்றில் ஒன்று. வாசகம் உண்டு, பெயர் இல்லை. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக் காட்டில் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்படும் அவற்றில் ஒன்றுக்கும் பெயரில்லை. 2025இல்தான் காஞ்சனபுரியின் தாவோர்ன் வராரம் விகாரையில், தமிழ்நாடு அரசின் நிதியுதவியோடு, மாண்ட தமிழர்களுக்கு நடுகல் எழுந்தது. அதுவரை இவர்களை நினைவில் வைத்திருந்தவை வீடுகளும், மலேசியத் தமிழ் எழுத்தாளர்களின் நாவல்களும், மரண ரயில் ஆர்வலர் குழு போன்ற சில தன்னார்வ அமைப்புகளும்தான்.

எண்பது ஆண்டு கழித்து இனி என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். முதல் உலகப்போரில் மெசபடோமியாவில் மாண்ட இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் பாஸ்ரா நினைவகத்தில் வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டார்கள். இப்படிப்பட்ட பாகுபாடுகளைப் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் தன் அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் கேப் டவுனில் ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. முதல் உலகப்போரில் சுமை தூக்கியும் வண்டி ஓட்டியும் இறந்த 1,700க்கு மேற்பட்ட தென்னாப்பிரிக்கக் கறுப்பின உழைப்பாளர்களின் பெயர்கள், ஆளுக்கொரு மரத்தூணில். துப்பாக்கி ஏந்தாதவர்கள் அவர்கள். நூறாண்டு கழித்தும் பெயர் கிடைத்ததற்குக் காரணம், பழைய ராணுவக் காகிதங்களை ஒருவர் எடுத்துப் படித்ததுதான்.

சயாம் பாதைக்கும் அப்படிப் படிக்க இன்னும் காகிதம் இருக்கிறது: தோட்டக் கம்பெனிகளின் பழைய பெட்டிகள், மலேசிய, சிங்கப்பூர்க் காப்பகங்களின் வாய்மொழிப் பதிவுகள், டில்லியில் இந்திய அரசின் வெளிநாட்டு இந்தியர் துறைக் கோப்புகள். இவற்றைத் தேடி ஒரே பெயர்ப்பட்டியலாகத் தொகுக்கும் பொறுப்பை இந்திய, மலேசிய அரசுகள் சேர்ந்து ஏற்க வேண்டும். தமிழ்நாடு அரசு கல்லுக்கு நிதி கொடுத்தது. அடுத்ததாகப் பட்டியலுக்கும் கொடுக்க வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் 'சயாமுக்குப் போனார், திரும்பவில்லை' என்று சொல்லப்படும் ஒருவர் இருந்தால், அவர் பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், தோட்டத்தின் பெயர் இந்த நான்கையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு இன்னொன்றை ஒரு காப்பகத்துக்கோ தமிழ்ச் சங்கத்துக்கோ அனுப்புங்கள். கேட்டுச் சொல்லக்கூடிய தலைமுறை இன்னும் சில ஆண்டுகள்தான் நம்மோடு இருக்கும்.