எண்ணியல் முறைகள் கற்பித்தல்: விழிஞ்ஞம் கடற்கரையை முன்வைத்து

சூத்திரமாகத் தீர்வு கிடைக்காத சமன்பாடுகளுக்குப் படிப்படியாகக் கணக்கிட்டுத் தோராய விடை காணும் கணிதப் பிரிவு எண்ணியல் முறைகள். கிடைத்த விடை மெய்யான விடையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்று சொல்வதும் இதன் வேலைதான். பொறியியல் மாணவர்கள் இதைப் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் படிக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் இது புள்ளியியலோடு சேர்ந்த ஒரே தாள். கேரளத்தின் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2019 திட்டத்தில் இதை நிகழ்தகவு, புள்ளியியல் ஆகியவற்றுடன் இணைத்தது.

முறைகள் வகுப்பில் நன்றாகவே நடத்தப்படுகின்றன. பின்தங்கியிருப்பது பிழையைப் பற்றிய பாடம். நியூட்டன்-ராப்சன், சிம்ப்சன், ரூங்கே-குட்டா என்று வரிசையாக வரும். மாணவர் கால்குலேட்டரில் அட்டவணையை நிரப்பி, நான்கு தசம இடங்களுக்கு விடை எழுதிக் கட்டம் போடுவார். அந்த நான்கு இடங்களில் எத்தனையை நம்பலாம் என்று கேள்வித்தாள் பெரும்பாலும் கேட்பதில்லை. வேலைக்குப் போன பிறகு பொறியாளர் எதிர்கொள்ளும் முதல் கேள்வியே அதுதான்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை அடுத்துள்ள விழிஞ்ஞத்தில் இந்தப் பாடத்துக்கு வேண்டிய எடுத்துக்காட்டுகள் ஒரே கடற்கரையில் கிடைக்கின்றன. இப்போது கைவிடப்பட்ட ஓர் அலை மின் நிலையம், ஓர் அலைத்தடுப்புச் சுவர், இடம் மாறும் மணற்கரை ஆகிய மூன்றும் அங்கே உண்டு.

மாதவரின் திருத்தம்

விழிஞ்ஞத்துக்குப் போவதற்கு முன் ஒரு பழைய எடுத்துக்காட்டு. கேரளத்தில் பிழையைப் பற்றிய சிந்தனை கணினிக்கு வெகுகாலம் முந்தியது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சங்கமகிராம மாதவரின் பெயரால் வழங்கும் வரிசை, ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து என்று முடிவின்றிப் போகும். அதை நான்கால் பெருக்கினால் பை கிடைக்கும். ஆனால் வரிசை ஆமை வேகத்தில் குவியும். ஐந்து உறுப்புகளோடு நிறுத்தினால் 3.3397 தான் வருகிறது.

மாதவர் மரபினர் அதோடு நிற்கவில்லை. நிறுத்திய இடத்தில் மிச்சமிருப்பது எவ்வளவு என்று மதிப்பிட்டுத் திருத்தங்கள் கண்டார்கள். நான்கால் பெருக்குவதற்கு முன் அந்த ஐந்து உறுப்புகளின் கூட்டுத்தொகையிலிருந்து 1/20 ஐக் கழித்தால் 3.1397. அதற்குப் பதிலாக 5/101 ஐக் கழித்தால் 3.14166. மூன்றாவது திருத்தமான 26/525 ஐக் கழித்தால் 3.141587. மெய்யான மதிப்பு 3.141593. ஐந்தே உறுப்புகள், ஒரு கழித்தல், அதற்குள் ஐந்தாம் தசம இடம் வரை நெருங்கிவிடலாம். ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய 16ஆம் நூற்றாண்டு நூலான யுக்திபாஷை இந்த வரிசைகளைக் காரண விளக்கத்தோடு தருகிறது. எண்ணியல் முறைகள் தாளின் முதல் வகுப்பை இதைக் கொண்டு தொடங்குவது, எல்லாக் கல்லூரிகளிலும் நடக்க வேண்டிய காரியம். மாணவர் கையாலேயே பத்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம்.

இன்றைய வடிவில் இந்தப் பாடம் கணினியோடு வந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963இல் ஐ.பி.எம். 1620 கணினி வந்ததும் அங்கே மாணவர்களே நிரல் எழுதிக் கணக்குப் போடத் தொடங்கினார்கள். அங்கு கற்பித்தவர்களில் ஒருவரான, ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் கணினிவழி எண்ணியல் முறைகள் பற்றி எழுதிய பாடநூல் பல தலைமுறை மாணவர்களின் கையில் இருந்தது. பின்னர் பொறியியல் கல்லூரிகள் பெருகின. கணினிக்கூடமும் எழுத்துத் தேர்வும் தனித்தனி வழியில் போயின. கணக்கு கால்குலேட்டருக்குத் திரும்பியது.

அலை மின் நிலையம்

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டிக் கடலில் ஏறத்தாழ 3,000 டன் எடையுள்ள கான்கிரீட் பெட்டகம் 1990 டிசம்பரில் இறக்கப்பட்டது. அன்றைய கடல் மேம்பாட்டுத் துறையின் நிதியில் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 150 கிலோவாட் நிலையம் அது. 1991இல் இயங்கத் தொடங்கியது. அலை ஏறி இறங்கும்போது பெட்டகத்துக்குள் நீர்மட்டமும் ஏறி இறங்கும். மேலே அடைபட்ட காற்று விசையாழி வழியாக வெளியே போய்த் திரும்ப உள்ளே வரும். காற்று எந்தத் திசையில் போனாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் விசையாழி முதலில் பொருத்தப்பட்டது. பின்னர் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உந்துவிசை வகை விசையாழியையும் அங்கே சோதித்தது. 2004 வாக்கில் கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனையும் நடந்தது.

இந்த நிலையத்தை ஒரே ஒரு வகைக்கெழுச் சமன்பாடாக எழுதலாம். உள்ளே உள்ள நீர் ஒரு நிறை, புவியீர்ப்பு அதைச் சமநிலைக்கு இழுக்கும் வில், விசையாழி அதன் தணிப்பான், அலை அதைத் தள்ளும் விசை. வெல்ஸ் விசையாழியில் காற்றழுத்தம் ஏறக்குறைய காற்றோட்டத்துக்கு நேர்விகிதம். ஆகவே சமன்பாடு நேரியல், கையால் தீர்க்கலாம். உந்துவிசை விசையாழியில் அழுத்தம் ஓட்டத்தின் வர்க்கத்தோடு போகும். அங்கே சூத்திரம் கைவிட்டுவிடும், எண்ணியல் முறை இல்லாமல் நகர முடியாது. ஒரு நிலையத்தில் விசையாழியை மாற்றியதும் கணிதமே மாறிவிட்டது. 'ஏன் இந்தத் தாளைப் படிக்க வேண்டும்' என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

முறையைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள ஆபத்தையும் இதே சமன்பாடு காட்டும். அலையையும் தணிப்பையும் நீக்கிவிட்டு, பத்து வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் நீர்மட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் வீச்சு மாறக்கூடாது. ஆய்லர் முறையில் ஒரு வினாடிப் படியாகக் கணக்கிட்டால் ஒரே சுற்றில் வீச்சு 5.3 மடங்காகிவிடும். வரைபடத்தைப் பார்க்கும் மாணவர், கடல் எதையும் தராமலே பெட்டகத்துக்குள் ஆற்றல் பெருகுவதைக் காண்பார். படியைப் பத்தில் ஒரு பங்காக்கினாலும் வீச்சு 22 விழுக்காடு கூடும். நான்காம் வரிசை ரூங்கே-குட்டா முறையில் அதே ஒரு வினாடிப் படிக்கு வீச்சு அரை விழுக்காடுகூடக் குறையாது. அட்டவணை நிரப்பும் வகுப்பில் இந்த இரண்டு முறைகளும் அடுத்தடுத்த கணக்குகள், சம மதிப்பெண். இந்தப் பயிற்சிக்குப் பிறகு அவற்றை எந்த மாணவரும் சமமாக நினைக்க மாட்டார்.

நிலையம் 2011இல் கைவிடப்பட்டது. அதன் சமன்பாடு எந்தக் கணினிக்கூடத்திலும் இன்றும் ஓடும்.

சுவரும் கரையும்

விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுகத்தின் கட்டுமானம் 2015 டிசம்பரில் தொடங்கியது. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீள அலைத்தடுப்புச் சுவர் அதன் முதுகெலும்பு. கட்டிக்கொண்டிருந்தபோதே 2017 ஒக்கி புயல் அந்தச் சுவரைச் சேதப்படுத்தியது. துறைமுகத்தால் கரை அரிக்கப்படுகிறது என்று மீனவர்கள் 2022 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை போராடினார்கள். துறைமுகத் தரப்பு அதை மறுத்தது. கரை எப்படி மாறும் என்று சொல்லும் கணினி மாதிரிகள் இப்படிப்பட்ட வழக்கின் நடுவே நிற்கின்றன. குமரி மாவட்டத்தில் கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு என்னும் கற்சுவர் கட்டும் ஊர்களிலும் இதே கேள்வி எழுகிறது.

கரைக்கோடு நகர்வதை விளக்கும் மிக எளிய மாதிரியை 1956இல் பெல்னார்-கோன்சிடேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் தந்தார். வெப்பம் பரவும் சமன்பாட்டின் வடிவம்தான் அதற்கும். சமன்பாட்டின் பரவல் கெழு நாளுக்கு 500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கரையை 100 மீட்டருக்கு ஒரு புள்ளியாகப் பிரித்தால், அடுத்த நிலையை முந்தைய நிலையிலிருந்தே கணக்கிடும் நேரடி முறையில் காலப் படி பத்து நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கரைக்கோடு கடலுக்கும் நிலத்துக்குமாகப் பல்போல் தாறுமாறாக நீளும். இடைவெளியை 50 மீட்டராக்கினால் காலப் படி இரண்டரை நாளாகச் சுருங்கும், கணக்கு வேலை எட்டு மடங்காகும். விழிஞ்ஞம் போன்ற இடத்தில் பருவத்துக்குப் பருவம் மணல் நகரும் திசையும் மாறுவதால், உள்ளீட்டின் தவறு வேறு சேர்ந்துகொள்ளும். கணக்கீட்டுப் பிழை, மாதிரியின் பிழை, அளவீட்டுப் பிழை மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் கையில் இந்த மாதிரியைக் கொடுக்கக்கூடாது. கரையில் வாழ்பவர்களின் வீடுகள் அந்த விடையைச் சார்ந்திருக்கின்றன.

தோராயத்தை நம்பியதன் விலையை உலகம் கண்டிருக்கிறது. விழிஞ்ஞம் நிலையம் இயங்கத் தொடங்கிய அதே 1991இல், ஆகஸ்ட் 23 அன்று, நார்வேயின் ஸ்லெய்ப்னர்-ஏ கான்கிரீட் மேடை சோதனையின்போது மூழ்கியது. அமைப்பைச் சிறு கூறுகளின் வலைப்பின்னலாகப் பிரித்துக் கணக்கிடும் முடிவுறு கூறு முறையில், ஒரு முக்கியமான இடத்தில் வலைப்பின்னல் சரியில்லாததால் அங்குள்ள வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. மென்பொருள் பழுதின்றி ஓடித்தான் அந்த விடையைத் தந்தது.

தேர்வும் கணினிக்கூடமும்

கட்டணமின்றிக் கிடைக்கும் பைத்தான், ஆக்டேவ் மென்பொருள்களும் ஐ.ஐ.டி.களின் இணையவழிப் பாடங்களும் இன்று எந்தக் கல்லூரிக்கும் எட்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியல், இயந்திரவியல் பாடங்களைத் தமிழ்வழியிலும் தொடங்கியதால், தமிழில் எழுதப்பட்ட பயிற்சிகளுக்கும் தேவை இருக்கிறது. மாற வேண்டியது மதிப்பெண் போடும் முறை. '0.2 இல் மதிப்பு காண்க' என்பதற்குப் பதிலாக 'படி எவ்வளவு எடுத்தால் போதும், ஏன்' என்று கேட்கலாம். படியைப் பாதியாக்கி இரண்டாம் முறையும் கணக்கிட்டு, இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தே ஒப்படைக்க வேண்டும் என்று விதிக்கலாம். வாய்மொழித் தேர்வில் அந்த இரண்டு கோடுகளும் விலகும் இடத்தைச் சுட்டிக் காரணம் கேட்டால், மாணவர் பாடத்தைப் புரிந்துகொண்டாரா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.