டோனி விருதின் முதல் இரவு

1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் நியூயார்க் நகரின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் நாடக உலகினர் விருந்துக்குக் கூடினர். முந்திய ஆண்டில் காலமான அன்டாய்நெட் பெர்ரி அம்மையாரின் நினைவாக, அமெரிக்கன் தியேட்டர் விங் என்னும் சங்கம் ஏற்படுத்திய விருதுகள் அன்றுதான் முதன்முறையாக வழங்கப்பெற்றன. நடிகையாய்த் தொடங்கி இயக்குநராய் உயர்ந்த அம்மையாரின் செல்லப்பெயராகிய 'டோனி' என்பதே விருதின் பெயராகவும் நிலைத்தது.

இங்கிரிட் பெர்க்மன், ஹெலன் ஹேய்ஸ் ஆகிய நடிகையர் பரிசு பெற்றதில் வியப்பில்லை. நம் கருத்தைக் கவர்வோர் வேறு சிலர். நாடகக்காரருக்கு இருபது ஆண்டுகளாகப் புகலிடமாய் விளங்கிய உணவுச்சாலையின் உரிமையாளர் வின்சென்ட் சார்டி. மேடை அமைப்பில் நுட்பம் காட்டிய மக்டொனால்ட். இவர்களோடு கேட்ஸன்பர்க் தம்பதியர். இத்தம்பதியர் செய்ததென்ன? புதிய நாடகங்களின் முதல் நாள் காட்சிகளுக்கு ஆர்வத்தோடு சென்று அமர்ந்தார்கள்; அவ்வளவே! பார்த்ததற்கும் பரிசா என்று நகைப்போர் நகைக்கலாம். திரைப்படம் ஆளில்லாத கொட்டகையிலும் மாறாது ஓடும். நாடகமோ எதிரே இருப்போரின் சிரிப்பையும் மௌனத்தையும் கேட்டே நடைபெறுவது. விருதளித்தோர் இதனை உணர்ந்திருந்தனர் என்றே கொள்ளலாம்.

பதக்கம் 1949-இல்தான் வந்தது. முதல் ஆண்டில் பாராட்டிதழுடன் சிகரெட் லைட்டர், முகப்பூச்சுப் பேழை போன்ற சிறு பொருள்களே அளிக்கப்பட்டன. விழாவை அன்று நள்ளிரவில் வானொலி ஒலிபரப்பியது. நாடு முழுவதற்குமான தொலைக்காட்சி ஒளிபரப்பு 1967-இல்தான் தொடங்கியது.